டிரைவர் பக்கத்துக் கண்ணாடி

வெயிலைத் தடுக்க ஒட்டும் கறுப்புப் படலம் பார்வையையும் சேர்த்துத் தடுக்கிறது. கேரவன் வண்டியின் முன்புறத்தில் இது வெறும் அபராத விவகாரம் அல்ல.

கேரவன் என்றதும் தமிழர்களுக்கு நினைவுக்கு வருவது படப்பிடிப்புத் தளத்தின் ஓரமாக நிற்கும் நட்சத்திரங்களின் வண்டிதான். கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாவை அறிவித்த பிறகு அந்தச் சொல்லுக்கு இன்னோர் அர்த்தமும் சேர்ந்துகொண்டது: படுக்கை, சமையல் மேடை, கழிப்பறை சகிதம் குடும்பத்தோடு ஊர் சுற்றும் வண்டி. இரண்டுக்கும் அமைப்பு ஒன்றே. பின்பாதி வீடு, முன்பாதி வேன். வீட்டுக்குத் திரை வேண்டும், வேனுக்கு வெளிச்சம் வேண்டும். இரண்டும் மோதிக்கொள்ளும் இடம் டிரைவர் கேபின்.

கேபினுக்கு மூன்று கண்ணாடிகள். முன்னால் அகலமான ஒன்று, கதவுக்கு ஒன்றாக இரண்டு. கேபினுக்கும் பின்னால் உள்ள அறைக்கும் இடையே சுவர் இல்லாத வண்டிகளில், மே மாத வெயில் இந்த மூன்றின் வழியாகத்தான் வீட்டுக்குள் நுழைகிறது. ஏ.சி. திணறுகிறது. இரவில் வண்டியை ஓரங்கட்டிப் படுத்தால், போகிற வருகிறவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். உரிமையாளர் நேரே சன் ஃபிலிம் ஒட்டும் கடைக்குப் போகிறார். நியாயமான ஆசைதான். ஆனால் கறுப்புப் படலத்தை ஒட்டக்கூடாத இடமும் அதுவே.

காரணம் எளிது. காரில் உள்ளே தொங்கும் சிறு கண்ணாடியில் பின்னால் வருவது தெரியும். கேரவனில் பின்னால் இருப்பது அலமாரியும் கட்டிலும். டிரைவர் முழுக்க முழுக்க வெளியே உள்ள இரண்டு சைடு மிரர்களை நம்பித்தான் ஓட்ட வேண்டும். அந்த மிரர்களை அவர் எதன் வழியாகப் பார்க்கிறார்? கதவுக் கண்ணாடி வழியாக. அதில் கறுப்பு ஒட்டினால் மிரரிலும் கறுப்பு ஒட்டியதுபோல்தான். பகலில் தெரியாது. மாலை ஆறரை மணிக்கு, மழைத் தூறலில், விளக்குப் போடாத சைக்கிள்காரர் இடப்பக்கமாக வரும்போது தெரியும், அல்லது தெரியாமலே போகும். சந்திப்பில் சாலையைக் கடப்பவருக்கும் டிரைவரின் முகம் தெரிய வேண்டும். அவர் நம்மைப் பார்த்தாரா இல்லையா என்பதை வைத்துத்தானே காலை எடுத்து வைக்கிறோம்?

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100ஆவது விதி இதற்கு அளவு வகுத்தது. முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 சதவீத வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும். பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதம். விதி ஏட்டில் இருக்க, நாடு முழுவதும் வண்டிகள் கறுத்துக்கொண்டே போயின. அவிஷேக் கோயங்கா தொடுத்த பொதுநல வழக்கில், கறுப்புக் கண்ணாடிக் கார்கள் குற்றங்களுக்குத் துணைபோகின்றன என்பது முக்கிய வாதம். 2012 ஏப்ரல் 27 அன்று தலைமை நீதிபதி எஸ்.எச். கபாடியா தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, கறுப்புப் படலங்களுக்குத் தடை விதித்தது. விலக்கு, இசட், இசட் பிளஸ் பாதுகாப்பில் உள்ள பிரமுகர்களுக்கு மட்டும். எந்த விதிக்கும் ஒரு வி.ஐ.பி. வாசல் இல்லாமல் நம்மால் முடியாது.

அதே ஆண்டு டிசம்பர் 16 இரவு, டெல்லியில் ஓடும் பேருந்தில் அந்தக் கொடூரம் நடந்தது. பேருந்தின் ஜன்னல்களில் கறுப்புப் படலமும் திரைச்சீலையும் இருந்தன. தீர்ப்பு வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை.

தீர்ப்பில் ஒரு முடிச்சும் இருந்தது. தொழிற்சாலையிலேயே சாயம் கலந்து தயாரிக்கும் கண்ணாடி, 70க்கும் 50க்கும் குறையாமல் இருந்தால் சரி. ஆனால் கடையில் ஒட்டும் படலம், எவ்வளவு வெளிச்சத்தை விட்டாலும் சரியல்ல. படலத் தயாரிப்பாளர்கள் மறுபடி நீதிமன்றம் போனபோது, 2012 ஆகஸ்டில் கிடைத்த பதிலும் அதுதான். தயாரிப்பாளர்களின் புலம்பல் ஒருபுறம் இருக்கட்டும்; நீதிமன்றத்தின் பிடிவாதத்தில் அர்த்தம் இல்லாமல் இல்லை. கடைக் கணக்கும் கண்ணாடிக் கணக்கும் வேறு. கடையில் '50' என்று விற்பது படலத்தின் கணக்கு மட்டும். வண்டியில் ஏற்கெனவே உள்ள கண்ணாடி 75 சதவீத வெளிச்சத்தை விடுவதாக வைத்துக்கொண்டால், அதன்மேல் இதை ஒட்டியதும் உள்ளே வருவது 37.5 சதவீதம்தான். பக்கக் கண்ணாடிக்கே இது போதாது. முன் கண்ணாடியிலோ 90 சதவீதம் விடும் மிக மெல்லிய படலம்கூட மொத்தத்தை 67.5க்கு இறக்கிவிடும். அதிலும் விதி மீறல்.

இத்தனை சண்டையும் ஒரு தவறான நம்பிக்கையால் வருகிறது. கறுப்பாக இருந்தால் குளிர்ச்சி என்பதே அது. பூமிக்கு வரும் சூரிய சக்தியில் ஏறக்குறைய பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். அதைத் தடுக்கக் கறுப்பு நிறம் தேவையே இல்லை. பளிச்சென்று தெரியும் கண்ணாடியே அகச்சிவப்பைக் கணிசமாகத் தடுக்கும்படி தயாரிக்க முடியும். செராமிக் படலங்களின் சூத்திரமும் அதுதான். மலிவான சாயப் படலம் இதற்கு நேர்மாறு. வெளிச்சத்தைத் தின்றுவிட்டு வெப்பத்தைப் பெருமளவு உள்ளே விடும். சில வருடங்களில் ஊதா நிறமாகி, கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும்.

புற ஊதாக் கதிர் விஷயத்தில் மட்டும் டிரைவருக்கு உண்மையான குறை உண்டு. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் ஏடு வைத்த முன் கண்ணாடி, புற ஊதாவை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடுகிறது. கதவுக் கண்ணாடி அப்படியல்ல. புற ஊதா ஏ கதிரில் ஒரு பகுதியை உள்ளே விடும். 28 வருடம் லாரி ஓட்டிய 69 வயது அமெரிக்கர் ஒருவரின் புகைப்படத்தை 2012இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் வெளியிட்டது. ஜன்னல் பக்கமிருந்த இடது கன்னம் மட்டும் தடித்து, சுருங்கி, பல வருடம் மூத்த இன்னொருவரின் முகம்போல இருந்தது. நம் டிரைவர்களுக்கு அது வலது கன்னம்.

சட்டம் இப்போது சற்று இளகியிருக்கிறது. 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், 100ஆவது விதியில் 'பாதுகாப்புக் கண்ணாடி' என்பதோடு உட்புறம் பிளாஸ்டிக் ஏடு கொண்ட கண்ணாடி அமைப்பையும் சேர்த்தது. அதே ஆண்டு ஜனவரியில் 'ஆபரேஷன் ஸ்கிரீன்' என்று பெயரிட்டுத் திரைச்சீலைகளையும் படலங்களையும் அதிகாரிகள் வேட்டையாடிய கேரளத்தில், 2024 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் வேறுவிதமாகச் சொன்னது: 70, 50 என்ற அளவுகள் காக்கப்பட்டால் படலத்துக்கு அபராதம் விதிக்க முடியாது. கேரளத்தைத் தாண்டி வாளையாறு வழியாக வரும் கேரவன்காரர் இந்தத் தீர்ப்பைச் சொல்லலாம். சோதனைச் சாவடியில் இருப்பவர் 2012ஐச் சொல்லலாம்.

பிரிட்டனில் மோட்டார் இல்லங்கள் நெடுங்காலமாகப் புழங்குகின்றன. அங்கே 1985க்குப் பிந்தைய வண்டிகளில் முன் கண்ணாடிக்கு 75 சதவீதம், டிரைவர் வரிசைப் பக்கக் கண்ணாடிக்கு 70 சதவீதம். டிரைவருக்குப் பின்னால் எவ்வளவு கறுப்பானாலும் கேள்வி இல்லை. நம் விதியில் முன் கதவுக்கும் படுக்கையறை ஜன்னலுக்கும் ஒரே 50. கேரவனைப் பொறுத்தவரை பிரிட்டிஷ் ஏற்பாடே புத்திசாலித்தனமானது: ஓட்டுகிறவருக்குக் கடுமை, தூங்குகிறவருக்குச் சலுகை.

அதுவரை இருக்கும் வழி, வண்டி கட்டும்போதே கதவுக்கு அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடியைக் கேட்டு வாங்குவது. பழைய வண்டியென்றால், நிறுத்திய பிறகு கேபின் கண்ணாடிகளில் உள்ளிருந்து பொருத்தும், வெள்ளிப் பூச்சுள்ள மடிப்புத் தட்டிகள். வெயிலும் வராது, எட்டிப் பார்ப்பவருக்கும் ஒன்றும் தெரியாது. காலையில் சாவியைத் திருப்பும் முன் மூன்றையும் கழற்றி வைத்துவிட வேண்டும்.