நண்பருக்காக ஒரு மெழுகுவர்த்தி

மும்பை: புதன்கிழமை என்றால் மாகிம் புனித மிக்கேல் ஆலயத்தில் காலை முதலே கூட்டம்தான். 1948 செப்டம்பர் 8-ம் தேதி இங்கு நவநாள் வழிபாடு தொடங்கியது. எல்லா மதத்தவரும் வருகின்றனர். வாசலில் கை, கால், வீடு வடிவில் மெழுகு உருவங்கள் விற்கப்படுகின்றன. பக்கத்திலுள்ள தாராவியிலிருந்து தமிழர்களும் நடந்தே வருவதுண்டு.

அவர்களில் ஒருவர் தோல் பட்டறைத் தொழிலாளி. வேலை முடிந்து மாலையில் வரும் அவர் ஏற்றும் மெழுகுவர்த்தி தமக்காக அல்ல. குடியால் வேலையிழந்த நண்பருக்காக.

"முதலில் நானும் நாலு பேரோடு சேர்ந்து அவனை ஏசினேன். அவன் என் கண்ணில் படுவதையே விட்டுவிட்டான். இப்போது அவன் பெயரைச் சொல்லி செபிக்கிறேன். செபித்த வாயால் ஏச வரவில்லை. கோயில் முடிந்ததும் கால் தானாக அவன் வீட்டுக்குப் போகிறது" என்கிறார் அவர்.

விவிலியத்தில் வரும் யோபுவின் கதை இங்கே நினைவுக்கு வருகிறது. எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவைக் காண நண்பர்கள் மூவர் வந்தனர். ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் உடன் உட்கார்ந்திருந்தனர். அதுவரை அவர்கள் நல்ல துணை. வாய் திறந்ததும், யோபு செய்த பாவமே காரணம் என்று தீர்ப்புக் கூறினர். இறைவனின் சினம் அந்த மூவர் மீதே திரும்பியது. முடிவில் அவர்களுக்காக யோபு வேண்டிக்கொண்டார். அதன் பிறகே அவர் வாழ்வும் மீண்டும் தழைத்தது.

தாராவி நண்பர் இன்னும் குடியை விடவில்லை. ஆனால், புதன்கிழமை இரவுகளில் கதவைத் தாழிடாமல் காத்திருக்கிறாராம்.