சராசரி மழையில் நாற்று நட முடியாது

தென்மேற்குப் பருவமழை முடிந்ததும் டெல்லியிலிருந்து ஓர் எண் வெளியாகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை நாட்டின் சராசரி மழை 87 செ.மீ.; பெய்தது அதில் 96 முதல் 104 சதவீதத்துக்குள் இருந்தால் ‘இயல்பு’. பங்குச்சந்தைக்கு அது போதும், பயிருக்குப் போதாது. 2022-இல் மழை 106 சதவீதம். ஆனால் உத்தரப் பிரதேசம், பிகார், ஜார்க்கண்ட் வயல்கள் நடவுப் பருவத்தில் காய்ந்து கிடந்தன. நெல் நடவுப் பரப்பு குறைந்தது; செப்டம்பரில் மத்திய அரசு குருணை அரிசி ஏற்றுமதிக்கே தடை போட்டது. எங்கோ கொட்டிய மழை இங்கே பெய்யாத மழையைக் கணக்கில் ஈடுகட்டிவிட்டது, அவ்வளவுதான்.

இடம் போலவே காலமும் ஏமாற்றும். 2023-இல் பருவ மொத்தம் 94 சதவீதம், குறைவு ஆறுதான். ஆனால் அந்த ஆகஸ்டில் மட்டும் 36 சதவீதம் குறைவு, 1901-க்குப் பிறகு அவ்வளவு வறண்ட ஆகஸ்ட் கிடையாது. அதே ஆண்டு டிசம்பரில், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. அந்த வட்டாரத்தின் ஓராண்டு மழையைவிட அது அதிகம். பெரும்பகுதி கடலுக்குத்தான் போனது. மத்திய இந்தியாவில் 1951 முதல் 2000 வரை கனமழை நாட்கள் கூடி, மிதமான மழை நாட்கள் குறைந்ததை பி.என்.கோஸ்வாமி குழுவின் 2006-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. மொத்தம் பெரிதாக மாறாமலே மழையின் குணம் மாறிவிடுகிறது.

மாவட்டவாரிக் கணக்கும் வெளியாகிறதே என்று கேட்கலாம். வெளியாகிறது, ஆனால் அங்கே 19 சதவீதம் வரை குறைந்தாலும் ‘இயல்பு’தான். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மழையை இழந்த மாவட்டமும் அந்தப் பட்டியலில் நலமாகவே இருக்கும். பாசனம் பெருகிவிட்டதே என்பது இன்னொரு வாதம். சாகுபடிப் பரப்பில் ஏறத்தாழ பாதி இன்னும் மானாவாரி. மீதிக்குத் தண்ணீர் தரும் கிணறும் அணையும் நிரம்புவதும் மழையால்தான். அணை இருப்பை மதிப்பிடவும் தானியக் கையிருப்பைத் திட்டமிடவும் தேசியச் சராசரி உதவும், மறுக்கவில்லை. கடலைக்குப் பூப்பூக்கும் நேரத்தில் மூன்று வாரம் மழையில்லை என்பதை அது சொல்லாது.

ஒரு நாளில் 2.5 மி.மீ. பெய்தால்தான் வானிலைத் துறைக்கு அது மழைநாள். அந்த அளவுகோலை வைத்தே, பயிர்க்காலத்தில் தொடர்ந்து எத்தனை நாள் மழையில்லை என்று வட்டாரவாரியாக ஒவ்வொரு வாரமும் வெளியிடட்டும். பயிர்க் காப்பீடும் வறட்சி அறிவிப்பும் அந்த எண்ணைப் பார்த்து நடக்கட்டும்.