தொண்ணூற்றொன்பதும் பெட்டிமுடியும்

கேரளத்தில் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்றால் எல்லோருக்கும் தெரியும். கொல்லம் ஆண்டு 1099. நம் கணக்குக்கு 1924 ஜூலை, ஆடி மாத மழை. குட்டநாட்டு வயல்கள் முழுகிய கதை அங்கே வீட்டுக்கு வீடு உண்டு. என் மனம் மூணாற்றுக்குத்தான் போகிறது. அங்கே கொழுந்து கிள்ளியவர்கள் போடி வழியாக மலையேறிய நம் ஆட்கள்.

அன்று மூணாற்றில் ரயில் ஓடியது. தண்டவாளத்தின் அகலம் இரண்டே அடி. தேயிலைப் பெட்டிகள் குண்டளைப் பள்ளத்தாக்கு வழியே டாப் ஸ்டேஷன் போய், ரோப்வேயில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டுவண்டியில் போடிக்குப் போகும். முத்திரப்புழை, நல்லதண்ணி, குண்டளை ஆறுகள் கூடுவதால்தான் ஊருக்கே மூணாறு என்று பெயர். அந்த ஆடியில் ஆறுகள் பெருகித் தண்டவாளத்தைப் பிய்த்தெறிந்தன. பிறகு யாரும் அதைப் போடவேயில்லை. மாங்குளம் வழியாகக் கோதமங்கலம் போன சாலையும் மலை சரிந்து ஒழிந்தது. புதுச் சாலைக்கு வேறு தடம் தேடினார்கள். அந்தத் தடத்தில் நேரியமங்கலம் பாலம் 1935இல் வந்தது. ரயில் நிலையக் கட்டடம் இன்று தேயிலைக் கம்பெனியின் அலுவலகம்.

2018 ஆகஸ்டில் பழைய மூணாறு மறுபடி முழுகியது. 1924இல் இல்லாத இடுக்கி அணை அப்போது நிரம்பி நின்றது. அதன் நீர்த்தேக்கத்தின் செறுதோணி மதகுகள் 26 ஆண்டுகளுக்குப் பிறகு திறந்தன. மூணாறு சில நாள் துண்டுபட்டுக் கிடந்து, பிறகு சாலைகள் சீராகி, சுற்றுலா வண்டிகளும் திரும்பிவிட்டன.

சாலைக்கு வேறு தடம் பார்த்த மலையில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு வேறு இடம் பார்க்கவில்லை. வெள்ளைக்காரன் காலத்துப் பாணியில், ஒன்றோடொன்று ஒட்டிய சின்ன அறைகள், சரிவின் அடியில். 2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை இடிந்து நான்கு வரிசை லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள். பலருக்குச் சொந்த ஊர் கயத்தாறு பக்கம். மின்சாரமும் இல்லை, போனில் சிக்னலும் இல்லை. விடிந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. கைபேசிக் காலத்திலும் அந்தச் சேதி ஓர் இரவு முழுக்கச் சேற்றுக்குள் கிடந்ததை என்னால் இன்றுவரை ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

பிழைத்தவர்களில் எட்டுக் குடும்பங்களுக்குக் குட்டியாறு பக்கம் வீடு கிடைத்தது. மற்ற எஸ்டேட்டுகளில் மூன்று நான்கு தலைமுறையாகக் கொழுந்து கிள்ளியவர்கள் இன்னும் லயத்தில்தான் இருக்கிறார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் அந்த அறையையும் காலி செய்ய வேண்டும்.