அலுவலக மூலையில் இருக்கும் அந்தப் பெட்டி யார் பொறுப்பு?

பெட்டி பெரியதில்லை. இரண்டோ நான்கோ ஹார்டு டிஸ்க்குகளைச் செருகி, ரவுட்டரிலிருந்து ஒரு கேபிளை இழுத்துக் கொடுத்தால் அலுவலகத்தின் எல்லாக் கணினிகளுக்கும் பொது அலமாரி தயார். ‘நாஸ்’ என்கிறார்கள். டேலி கணக்கு, ஜிஎஸ்டி ரிட்டர்ன், வாடிக்கையாளரின் பான் அட்டை நகல், ஊழியர்களின் சம்பளப் பட்டியல் எல்லாம் அதற்குள்தான். பொருத்த வந்தவர் கிளம்பும்போது முதலாளி கேட்பார்: “வீட்டுல இருந்தும் போன்ல பார்க்க முடியுமா தம்பி?” “முடியும் சார், ரவுட்டர்ல ஒரு போர்ட் ஓப்பன் பண்ணி விட்டுடறேன்.” இரண்டு நிமிட வேலை. பின்னால் வரும் பல இழப்புகளுக்கு வாசல் இந்த இரண்டு நிமிடத்தில்தான் திறக்கிறது.

அந்த வாசல் முதலாளியின் போனுக்கு மட்டும் திறப்பதில்லை, உலகம் முழுவதற்கும் திறக்கிறது. இணையத்தில் திறந்து கிடக்கும் கருவிகளைத் தேடிப் பட்டியலிடும் நிரல்கள் இரவும் பகலும் ஓடுகின்றன. உங்கள் கடை சிறியதா பெரியதா என்று அவை பார்ப்பதில்லை. 2021 ஏப்ரலில் தைவான் நிறுவனமான கியூநாப்பின் பெட்டிகளைத் தாக்கிய ‘கியூலாக்கர்’ என்ற மிரட்டல் வைரஸ், கோப்புகளை 7-ஜிப்பில் சுருட்டிக் கடவுச்சொல் போட்டுவிட்டு 0.01 பிட்காயின் கேட்டது. 2022 ஜனவரியில் ‘டெட்போல்ட்’ அதே நிறுவனப் பெட்டிகளின் நுழைவுத் திரையையே மாற்றி 0.03 பிட்காயின் கேட்டது. அன்றைய மதிப்பில் சுமார் 80,000 ரூபாய். சிறு வியாபாரி கடன் வாங்கியாவது கட்டிவிடக்கூடிய தொகை. 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ‘மை புக் லைவ்’ வைத்திருந்த பலர் காலையில் எழுந்து பார்த்தபோது பெட்டி காலியாக இருந்தது. யாரோ தூரத்திலிருந்தே துடைத்திருந்தார்கள். அந்தக் கருவிக்குக் கடைசியாகப் பாதுகாப்பு அப்டேட் வந்தது 2015-இல். விளக்கு எரிகிறது, கோப்பு திறக்கிறது என்பதால் கருவி உயிரோடு இருக்கிறது என்று நம்பியிருந்தார்கள்.

இன்னொரு நம்பிக்கை இதைவிடப் பரவலானது: “ரெய்டு போட்டிருக்கு, அதனால பேக்கப் இருக்கு.” இல்லை. ரெய்டு என்பது பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் முறை. ரெய்டு 5 அமைப்பில் ஒரு டிஸ்க் போனால் வேலை நிற்காது, ரெய்டு 6-இல் இரண்டு போனாலும் நிற்காது. அது தரும் பாதுகாப்பு அவ்வளவுதான். தவறுதலாக ஒரு கோப்புறையை அழித்தால் எல்லா டிஸ்க்கிலும் அழியும். வைரஸ் பூட்டினால் எல்லாவற்றிலும் பூட்டும். மின்னழுத்தம் எகிறினால், தண்ணீர் புகுந்தால், திருடன் வந்தால் பெட்டி மொத்தமாகப் போகும். ஒரே நாளில் வாங்கிய டிஸ்க்குகள் ஏறத்தாழ ஒரே வயதில் தளர்வதும் உண்டு. ஒன்று செத்து, புதியது மாற்றி, தரவு மறுபடி நிரம்ப ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். அந்த நேரத்தில் இரண்டாவதும் சாய்ந்தால் ரெய்டு 5-இல் மீட்சி கடினம். பேக்கப் என்பது வேறொரு பெட்டியில், முடிந்தால் வேறொரு கட்டடத்தில், வேலை முடிந்ததும் கேபிளைப் பிடுங்கி வைக்கப்படும் நகல். மாதம் ஒரு முறை அதிலிருந்து ஒரு கோப்பையாவது திரும்ப எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். பார்க்காத பேக்கப்பை நான் நம்புவதில்லை.

வீட்டிலிருந்து பார்க்கத்தான் வேண்டுமென்றால் ரவுட்டரில் விபிஎன் என்ற பூட்டிய தனிவழியை அமைக்கச் சொல்லுங்கள். போர்ட் ஃபார்வர்டிங்கையும், கேட்காமலே போர்ட்டைத் திறக்கும் யுபிஎன்பி வசதியையும் அணைக்கச் சொல்லுங்கள். ‘அட்மின்’ என்ற பெயர்க் கணக்கு வேண்டாம். இரண்டடுக்கு உள்நுழைவு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அட்மின் பாஸ்வேர்டை எழுத்தில் வாங்குங்கள். பொருத்தியவர் ஊரை விட்டுப் போன பிறகு தன் சொந்தப் பெட்டிக்கே சாவி இல்லாமல் நிற்கும் முதலாளிகள் நிறைய.

சட்டமும் இந்தப் பெட்டியைப் பற்றிப் பேசுகிறது. ஜிஎஸ்டி ஆவணங்களை ஆண்டு ரிட்டர்னின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கம்பெனிச் சட்டப்படி கணக்குப் புத்தகங்களை 8 ஆண்டு. மின்னணுக் கணக்கு வைக்கும் கம்பெனிகள் இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் பேக்கப் வைக்க வேண்டும் என்று 2022-இல் விதி திருத்தப்பட்டது. டிஸ்க் போய்விட்டது என்பது இந்தக் கடமைகளிலிருந்து விடுவிக்காது. பெட்டிக்குள் இருக்கும் பான், ஆதார் நகல்களோ உங்களுடையவை அல்ல, உங்களை நம்பிக் கொடுத்தவர்களுடையவை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, நியாயமான பாதுகாப்பு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம்.

டிஸ்க்குக்கான வாரண்டி டிஸ்க்கை மாற்றித் தரும், அதிலிருந்த தரவுக்கு ஈடு தராது. பழுதான கருவிக்காக நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் பொதுவாகப் போக முடியாது. ஆனால் சுயதொழிலில் பிழைப்பு நடத்தத் தானே பயன்படுத்த வாங்கியவரை சட்டம் நுகர்வோராகவே கருதுகிறது. வீட்டு முன்னறையில் தொழில் நடத்தும் புகைப்படக்காரருக்கு இது பெரிய வேறுபாடு.

தாக்குதல் நடந்துவிட்டால் முதலில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். பதற்றத்தில் ரீசெட் செய்யாதீர்கள், பவரையும் அணைக்காதீர்கள். கியூலாக்கர் ஓடிக்கொண்டிருந்தபோதே கவனித்த சிலரால் பூட்டும் கடவுச்சொல்லைப் பெட்டியிலிருந்தே பிடிக்க முடிந்தது. அணைத்திருந்தால் அதுவும் போயிருக்கும். திரையைப் படம் எடுங்கள். 1930-க்கு அழையுங்கள் அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதியுங்கள். நிறுவனங்கள் விஷயம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள், மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கும் தெரிவிக்க வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகள் உங்கள் பக்கம். உள்ளே புகுந்தவர் பழைய ஊழியரோ சர்வீஸ் ஆளோ என்று தெரிந்தால், 5 கோடி ரூபாய் வரையான இழப்பீட்டுக்கு மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலரிடம், தீர்ப்பளிக்கும் அதிகாரி என்ற முறையில், மனு செய்யலாம்.

“புகார் கொடுத்து என்ன ஆகப் போகிறது” என்று பலர் விட்டுவிடுகிறார்கள். டெட்போல்ட் கும்பல் பணம் வருவதைக் கண்டதுமே, அது உறுதியாகும்வரை காத்திராமல், சாவியை அனுப்பிவந்தது. நெதர்லாந்து காவல்துறை 2022 அக்டோபரில் பிட்காயின் அனுப்பி, சாவி வந்ததும் பணத்தைத் திரும்ப இழுத்துக்கொண்டது. அப்படிக் கிடைத்த 155 சாவிகளால், புகார் கொடுத்திருந்த பலரின் கோப்புகள் ஒரு காசும் போகாமல் திறந்தன.