எட்டுக் கம்பிகளின் வரிசை

ஓர் இடைநிலைப்பள்ளியின் கணினிக் கழகம் சனிக்கிழமையன்று நடத்திய பட்டறைக்குச் சென்றிருந்தேன். நூலகத்தில் இருந்த கணினிகளுக்கு வேண்டிய இணையக் கேபிள்களை மாணவர்களே தயாரிப்பதாக ஏற்பாடு. படிவம் நான்கு மாணவி ஒருத்தி, ஏறக்குறைய 40 மீட்டர் நீளமுள்ள கேபிளின் இரு முனைகளிலும் பிளக்கைப் பொருத்திச் சோதனைக் கருவியில் செருகினாள். ஒன்று முதல் எட்டு வரை எல்லா விளக்குகளும் வரிசையாக எரிந்தன. ஆனால், கணினியில் மாட்டியதும் காணொளி நின்று நின்று ஓடியது. சற்று நேரத்தில் இணைப்பே துண்டித்துப்போனது.

"அண்ணா, எட்டு விளக்கும் எரிந்தனவே! பிறகு ஏன் இப்படி?" என்று பயிற்றுவிக்க வந்திருந்த தொழில்நுட்பரிடம் கேட்டாள்.

அவர் பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நிறங்களை ஜோடி ஜோடியாக அடுக்கிவிட்டாய், தங்கச்சி" என்றார்.

ஜோடியாக அடுக்குவது எப்படித் தவறாகும்? இதைப் புரிந்துகொள்ள, கேபிளின் உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

இணையக் கேபிளின் மேலுறையை உரித்தால் எட்டு மெல்லிய செம்புக் கம்பிகள் தெரியும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிப்புடையது. அவை தனித்தனியாக இருப்பதில்லை. இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு நான்கு இணைகளாக இருக்கும். ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு ஆகியவை அவற்றின் நிறங்கள். ஓர் இணையில் ஒரு கம்பி முழு நிறத்திலும், அதன் துணைக் கம்பி வெள்ளையில் அந்த நிறக் கோட்டுடனும் இருக்கும்.

இந்த முறுக்கு அழகுக்காக வைக்கப்பட்டதன்று. மழை நாளில் இரு நண்பர்கள் சாலையோரமாக நடந்து செல்வதாகக் கற்பனை செய்யுங்கள். அவ்வழியே போகும் லோரிகள் சேற்று நீரை வாரி இறைக்கின்றன. ஒருவனே எப்போதும் சாலைப் பக்கமாக நடந்தால், அவன் சட்டை மட்டும் பாழாகும். நான்கு அடிக்கு ஒருமுறை இருவரும் இடம் மாறிக்கொண்டால், சேறு இருவர் மீதும் ஏறக்குறைய ஒரே அளவில் படியும். முறுக்கப்பட்ட கம்பிகளும் அப்படித்தான். விளக்கு, மின்விசிறி, பக்கத்துக் கம்பி எனப் பல இடங்களிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டு கம்பிகளிலும் சமமாகப் படிகிறது.

சமமாகப் படிந்தால் என்ன பயன்? இணையத் தகவல் செல்லும்போது, இணையின் ஒரு கம்பியில் மின்னழுத்தம் ஏறினால் மற்றொன்றில் அதே அளவு இறங்கும். மறுமுனையில் உள்ள கருவி இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை மட்டுமே படிக்கிறது. இரு கம்பிகளிலும் சமமாகச் சேர்ந்த இரைச்சல் கழித்தலில் காணாமல் போய்விடும். கணிதப் பாடத்தில் இருபக்கமும் ஒரே எண்ணைக் கூட்டினால் வேறுபாடு மாறாது என்று படித்திருப்பீர்கள். அதே கணக்குதான் இங்கும். அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881இலேயே தொலைபேசிக் கம்பிகளுக்காக இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1973இல் ஈதர்நெட் உருவானபோது அது தடித்த ஒற்றைக் கேபிளில்தான் ஓடியது. முறுக்குக் கம்பியில் ஓடும் ஈதர்நெட்டுக்கான தரம் 1990இல் வந்தது. பழைய தொலைபேசி நுட்பம் அப்படித்தான் கணினி உலகத்துக்குள் நுழைந்தது.

நான்கு இணைகளையும் பிரித்து ஒரே நீளத்துக்கு வெட்டி, சுற்றுகளை எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை ஒன்றுக்கொன்று வேறுபடும். எல்லாம் ஒரே அளவில் முறுக்கப்பட்டிருந்தால், அருகருகே உள்ள இணைகள் ஒன்றின் செய்தியை மற்றொன்று வாங்கிக்கொள்ளும். பழைய தொலைபேசியில் நாம் பேசிக்கொண்டிருக்கும்போது வேறு யாரோ பேசுவது மெல்லக் கேட்குமே, அதே குறைதான்.

இப்போது நிற வரிசைக்கு வருவோம். பிளக்கில் எட்டு இடங்கள் உண்டு. பிளக்கின் பூட்டு நாக்கு உங்களுக்கு எதிர்ப்புறமும், தங்க முலாம் பூசிய தொடுமுனைகள் உங்களை நோக்கி மேலேயும் இருக்குமாறு பிடித்தால், இடக்கோடியில் இருப்பது முதலாம் இடம். டி568பி என்னும் தரப்படி வரிசை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. டி568ஏ என்னும் இன்னொரு தரத்தில் ஆரஞ்சும் பச்சையும் இடம் மாறியிருக்கும். எதைப் பின்பற்றினாலும் சரி. இரு முனையிலும் ஒன்றையே பின்பற்ற வேண்டும். முன்பு இரண்டு கணினிகளை நேரடியாக இணைப்பதற்கு ஒரு முனையில் ஏ, மறுமுனையில் பி என்று செய்வார்கள். இன்றைய கருவிகள் தாமாகவே சரிசெய்துகொள்வதால் அதற்குப் பெரும்பாலும் தேவை இருப்பதில்லை.

வரிசையில் பச்சையைக் கவனித்தீர்களா? வெள்ளை-பச்சை மூன்றாம் இடத்தில். பச்சையோ ஆறாம் இடத்தில். நடுவில் நீல இணை உட்கார்ந்திருக்கிறது. பார்ப்பதற்கு யாரோ தவறுதலாக அடுக்கியது போல இருக்கும். உண்மையில், நடுவில் உள்ள நான்காம், ஐந்தாம் இடங்கள் தொலைபேசி இணைப்புக்கு உரியவை. அவற்றைத் தொடாமல் விடுவதற்காக, ஈதர்நெட் 1, 2 ஆகியவற்றை ஓர் இணையாகவும், 3, 6 ஆகியவற்றை இன்னோர் இணையாகவும் எடுத்துக்கொண்டது.

அந்த மாணவி செய்த பிழை இங்கேதான். அவள் வெள்ளை-பச்சைக்கு அடுத்துப் பச்சையை வைத்தாள். அதன்பின் நீல இணையை வைத்தாள். கண்ணுக்கு அது மிக ஒழுங்கான வரிசை! ஆனால், கணினி 3ஐயும் 6ஐயும் ஓர் இணை என்று நம்பித் தகவலை அனுப்புகிறது. அவளுடைய கேபிளில் மூன்றாவது வெள்ளை-பச்சை, ஆறாவது நீலம். இரண்டும் ஒன்றோடொன்று முறுக்கப்படாதவை. இரைச்சல் சமமாகப் படியவில்லை. எனவே கழிபடவும் இல்லை. சோதனைக் கருவிக்கு இது தெரியாது. இந்த முனையின் மூன்றாம் இடம் அந்த முனையின் மூன்றாம் இடத்தோடு சேர்ந்திருக்கிறதா என்று மட்டுமே அந்த எளிய கருவி பார்க்கும். சேர்ந்திருந்தது, ஆகவே விளக்கு எரிந்தது.

கேபிள் செய்யும் முறையிலும் இந்த முறுக்கைக் காப்பதுதான் முதன்மையானது. முதலில், பிளக்குக்கு உறை போடுவதாக இருந்தால் அதைக் கேபிளில் கோத்துவிடுங்கள். பலர் இதை மறந்து, எல்லாம் முடிந்தபின் தலையில் கை வைப்பார்கள். பிறகு மேலுறையை ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் உரியுங்கள். கத்தி ஆழமாகப் பாய்ந்தால் உள்ளிருக்கும் கம்பி கீறப்படும். கீறிய கம்பி வளைக்கும்போது முறியும். உரித்தபின் ஒரு முறை உற்றுப் பாருங்கள். மலிவான கேபிள்களில் வெள்ளைக் கம்பியின் நிறக் கோடு மங்கலாக இருக்கும். முறுக்கை அவிழ்த்துவிட்டால் எது எதன் துணை என்று தெரியாமல் போகலாம். அதனால் ஓர் இணையை அவிழ்த்து, அதை இடத்தில் வைத்த பிறகே அடுத்ததற்குச் செல்வது நல்லது. நிறங்களைப் பிரித்தறிவதில் சிரமம் உள்ளவர்கள் நண்பர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கம்பிகளை விரலால் நீவி நேராக்கி, வரிசையாக்கி, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் தட்டையாக இறுக்கிப் பிடியுங்கள். விரலைத் தளர்த்தினால் வரிசை கலைந்துவிடும். வெளியே ஏறக்குறைய 13 மில்லிமீட்டர் மட்டும் நிற்குமாறு நேர்க்கோடாக வெட்டுங்கள். முறுக்கு அவிழ்ந்த பகுதி இதற்குமேல் போகக் கூடாது என்பதே தரம். ஒவ்வொரு கம்பியின் நெகிழி உறையையும் தனித்தனியாக உரிக்க வேண்டியதில்லை. புதியவர்கள் பெரும்பாலும் இதைச் செய்து நேரத்தை வீணாக்குவார்கள். பிளக்கில் உள்ள கூரிய தொடுமுனைகளே உறையைத் துளைத்துச் செம்பைத் தொடும்.

கம்பிகளைப் பிளக்கின் கோடி வரை தள்ளுங்கள். பிளக்கின் முன்பக்கத்தில் எட்டுச் செம்புப் புள்ளிகள் பளிச்சென்று தெரிய வேண்டும். ஏழு தெரிந்தால் கிரிம்ப் செய்யாதீர்கள். மேலுறையும் பிளக்குக்குள் நுழைந்திருக்க வேண்டும். கிரிம்பிங் கருவி அழுத்தும்போது பிளக்கின் பின்பகுதி மேலுறையைக் கவ்விப் பிடிக்கும். இல்லாவிட்டால் யாராவது கேபிளை இழுக்கும் ஒவ்வொரு முறையும் பாரம் அந்த எட்டு மெல்லிய கம்பிகள் மீது விழும். எல்லாம் சரியாக இருந்தால், கருவியின் கைப்பிடியை முழுவதுமாக ஒரே மூச்சில் அழுத்துங்கள். ஒருமுறை அழுத்திய பிளக்கை மீண்டும் பயன்படுத்த முடியாது.

பயன்பாட்டில் உள்ள கேபிளை வெட்டுவதற்கு முன் இரு முனைகளையும் கழற்றிவிடுங்கள். மேற்கூரையில் பொருத்திய கேமரா போன்ற சில கருவிகளுக்கு இதே கேபிள் வழியாக மின்சாரமும் செல்கிறது. வெட்டி விழுந்த செம்புத் துண்டுகளையும் பொறுக்கிவிடுங்கள். வீட்டில் வெறுங்காலில் நடப்பவர்களுக்கு அவை முள்ளைவிடக் கொடியவை.

அந்த மாணவி இரு பிளக்குகளையும் வெட்டிவிட்டு மறுபடியும் தொடங்கினாள். இரண்டாம் முறை கால் மணி நேரம் ஆயிற்று. கணினியில் மாட்டியபோது காணொளி தடையின்றி ஓடியது.

அதற்குள் தொழில்நுட்பர் மற்ற கேபிள்களின் பிளக்குகளையும் பார்க்கத் தொடங்கியிருந்தார். ஒரு மாணவன் செய்த 2 மீட்டர் கேபிளிலும் அதே வரிசைப் பிழை இருந்தது.

"என்னுடையது நன்றாகத்தானே வேலை செய்கிறது, அண்ணா!" என்றான் அவன்.

"குட்டையாக இருப்பதால் தப்பிக்கிறது. நாளைக்கு வேகமான சுவிட்சில் மாட்டினால் காலை வாரும். அப்போது கோளாறு எங்கே என்று தேடுபவர் இந்தக் கேபிளைக் கடைசியாகத்தான் சந்தேகப்படுவார்" என்றார் அவர்.

அவன் முணுமுணுத்துக்கொண்டே வெட்டுக்கருவியைக் கையில் எடுத்தான்.