ஷாகீன் பாக்: பதாகை எழுதிய கைகள்

புதுதில்லி: அச்சகத்தில் அடித்த சுவரொட்டிகள் அல்ல, கட்சிக் கொடிகளும் அல்ல, அட்டையிலும் தாளிலும் கையால் எழுதிய வாசகங்களே ஷாகீன் பாக் போராட்டத்தின் அடையாளமாக விளங்கின.

குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து, தலைநகரின் இப்பகுதியில் வசிக்கும் முஸ்லிம் பெண்கள் 2019 டிசம்பர் 15-ம் தேதி சாலையில் அமர்ந்தனர். அவர்களில் பலர் அதுவரை போராட்டக் களம் காணாத இல்லத்தரசிகள். மாணவர்களும் ஓவியர்களும் தூரிகையுடன் வந்து சேர்ந்தனர். பந்தல் அருகே சிறுவர்கள் படம் வரைந்தனர். பேருந்து நிறுத்தம் ஒன்று நூலகமாயிற்று.

இச்சட்டம் எவருடைய குடியுரிமையையும் பறிக்காது என்றது மத்திய அரசு. தேசியக் குடிமக்கள் பதிவேடும் உடன் வந்தால் தங்களிடம் ஆவணம் கேட்கப்படுமே என்பது பெண்களின் அச்சம். அவ்வாறு அஞ்சியவர்கள், அரசியல் சாசனத்தின் முகவுரையையே ஆவணமாக எழுதி உயர்த்திப் பிடித்தனர்.

2020 மார்ச் 22-ல், கொரோனாவுக்கான மக்கள் ஊரடங்கு நாளில், ஒரு சிலரே பந்தலில் இருந்தனர். மற்றவர்களின் இடத்தில் அவர்களது செருப்புகள் வைக்கப்பட்டிருந்தன. எழுத்தே இல்லாத பதாகை அது!

24-ம் தேதி போலீஸார் பந்தலை அகற்றினர். ஜாமியா மிலியா பல்கலைக்கழகச் சுவர்களில் தீட்டப்பட்டிருந்த போராட்ட ஓவியங்கள் மீது வெள்ளையடிக்கப்பட்டது. பொதுச் சாலைகளைக் காலவரையின்றி மறிக்கக் கூடாது என்று அக்டோபர் 7-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தின் விதிகள் 2024 மார்ச் 11-ம் தேதி அறிவிக்கப்பட்டன.

அட்டைகள் போயின. அவற்றில் எழுதப்பட்ட முகவுரையோ அரசியல் சாசனத்தின் முதல் பக்கத்தில் அப்படியே இருக்கிறது.