முறிந்த மரையாணி

தில்லி மாநகரின் கரோல் பாக் பகுதியில் பழைய மோட்டார் சைக்கிள்களை வாங்கி விற்கும் கடைகள் பல உள்ளன. அங்கு நிற்கும் வண்டிகள் மெருகேற்றப்பட்டுப் புதியனபோல் மின்னும். வாங்க வருவோர் பெரும்பாலும் வண்ணத்தையும் ஓடிய தொலைவையுமே பார்ப்பர். அனுபவம் உள்ளவரோ குனிந்து, இயந்திரத்தின் பக்கமூடிகளைப் பிணைத்திருக்கும் மரையாணிகளை நோக்குவார். பட்டறைகளில் போல்ட் என வழங்குவது இதுவே. அதன் அறுகோணத் தலையின் முனைகள் மழுங்கியிருப்பின், பொருந்தாத ஸ்பேனரைக் கொண்டு எவரோ அதனைத் திருகியிருக்கிறார் என அறியலாம். தொலைவு காட்டும் எண்ணை மாற்றிவிட முடியும். எல்லா மரையாணிகளையும் மாற்றி விற்பவர் அரியர்.

சட்டகத்தில் பொறித்த எண்ணும் இயந்திர எண்ணும் பதிவுச் சான்றிதழோடு ஒத்திருத்தல் வேண்டும். உரிமை மாற்றத்திற்கு 29, 30 ஆம் எண் படிவங்கள் உள்ளன. ஒரே மாநிலத்திற்குள் விற்பவர் 14 நாள்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாள்களுக்குள்ளும் பதிவு அலுவலகத்திற்குத் தெரிவித்தல் வேண்டும். பெற்றோரின் பணிமாற்றத்தால் வண்டியும் உடன் வந்து, வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்குமேல் தங்குமாயின், அங்குப் புதிய பதிவெண் பெறுதல் வேண்டும்.

இனி மரையாணிக்கு வருவோம். பழைய வண்டியின் மூடியை முதன்முறை திறக்கும்போது ஓர் ஆணி முறிவது பட்டறைகளில் அடிக்கடி காணும் நிகழ்ச்சி. தலை கையோடு வந்துவிடும்; தண்டு உள்ளேயே தங்கிவிடும். அவசரப்பட்டு அதனை எடுக்க முயன்றால், சில ரூபாய் பெறும் ஆணியின் பொருட்டுப் பல்லாயிரம் ரூபாய் பெறும் இயந்திர உறையையே மாற்ற நேரிடலாம்.

ஆணி ஏன் முறிகிறது? இறுக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கிறது. நீண்ட வில்சுருள் மீண்டும் சுருங்க முயல்வதுபோல், அதுவும் சுருங்க முயன்று இரு பகுதிகளையும் சேர்த்துப் பிடிக்கிறது. அளவு கடந்து நீண்டால் பழைய நீளத்திற்கு மீளாது. மேலும் முறுக்கினால் முறிந்துவிடும். சில ஆணிகளின் தலையில் 8.8 எனப் பொறித்திருப்பதைக் காணலாம். சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவிசையை அது தாங்கும் என்பதை முதல் எண்ணும், அதில் 80 விழுக்காடு வரை பழைய நீளத்திற்கு மீளும் என்பதை இரண்டாம் எண்ணும் குறிக்கின்றன. இவ்வகையில் 6 மில்லிமீட்டர் ஆணியை இறுக்க ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை போதும். 20 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் முனையில் 5 கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிடைக்கும் விசைதான் அது. வலிய கை அதனை எளிதில் இருமடங்காக்கிவிடும். மேலும், எஃகு ஆணியும் அலுமினிய உறையும் ஈரத்தில் சேர்ந்திருந்தால் அரிப்பு உண்டாகும். அதனால் தோன்றும் வெண்ணிறப் பொடி ஆணியை இறுகக் கவ்விக்கொள்ளும். மும்பை, விசாகப்பட்டினம் போன்ற கடலோர நகரங்களில் உப்புக்காற்றால் இது விரைவில் நிகழும்.

மூளை குழம்பியவரை 'மரை கழன்றவர்' எனக் கேலி செய்யும் வழக்கு நம் வீடுகளில் உண்டு. பட்டறையிலோ கழலாத மரைதான் மனிதரைக் குழப்பும்!

தண்டு சற்றே வெளியில் நீண்டிருப்பின், ஊடுருவும் எண்ணெயை விட்டு ஓரிரவு காத்திருந்து, இடுக்கியால் பற்றித் திருகலாம். அதன்மேல் ஒரு நட்டை வைத்துப் பற்றவைப்பது இன்னும் சிறந்த முறை. ஒரே வெப்பத்தில் அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரியும். ஆகவே சுற்றியுள்ள உறையையும் அளவாகச் சூடாக்கினால் பிடி தளரும்.

தண்டு உள்ளேயே மறைந்திருந்தால் துளையிட்டே எடுக்க வேண்டும். முதலில் அதன் நட்டநடுவில் சென்டர் பஞ்ச் கொண்டு சிறு குழி இடுவர். இக்குழி இல்லையேல் துளைமுனை வழுக்கி, மென்மையான அலுமினியத்தைக் குடைந்துவிடும். இடப்புறமாகச் சுழலும் துளைமுனையைப் பயன்படுத்தினால், சிலவேளை துளையிடும்போதே தண்டு கழன்று வெளிவரும். வராவிடில் எக்ஸ்ட்ராக்டர் என்னும் கருவியை அத்துளையில் செலுத்தித் திருகுவர். அக்கருவி மிகக் கடினமானது; ஆனால் எளிதில் உடையக்கூடியது. உள்ளே உடைந்துவிட்டால் சாதாரணத் துளைமுனையால் அதனைத் துளைக்க இயலாது. எனவே சிறிது கடினமாகத் தோன்றினாலும் நிறுத்திவிட்டு, மீண்டும் சூடாக்கி, எண்ணெய் விட்டுக் காத்திருப்பதே நல்ல மெக்கானிக்கின் வழக்கம். இப்பணியின்போது கண்காப்புக் கண்ணாடி அணிதல் இன்றியமையாதது. பிரேக்கைத் தாங்கும் ஆணி முறிந்திருந்தால் வண்டியை ஓட்டிச் செல்லாமல், வேறு வண்டியில் ஏற்றியே பட்டறைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

மரை சிதைந்திருப்பின், துளையைச் சற்றுப் பெரிதாக்கிப் புதிய மரை வெட்டி, கம்பிச்சுருள் ஒன்றைப் பொருத்தினால் பழைய அளவுள்ள ஆணியே மீண்டும் பொருந்தும். புதிய ஆணி, பழையதன் நீளமும் வலிமையும் உடையதாக இருத்தல் வேண்டும். அதன் முதல் சில சுற்றுகளை விரலாலேயே திருகுவர். விரலுக்கு இசைந்து உள்ளே சென்றபின்னரே ஸ்பேனரைக் கையில் எடுப்பர்.